உடன்போக்கும் சுரநெறியும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

சங்க அகப்பாடல்களிற் பேசப்படும் உடன்போக்கினைக் காதல் வேகத்தில் இருவர் முன்பின் எண்ணாது செய்துவிட்ட செயலாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. பெற்றோர் உறங்கும் வேளையில் ஒருத்தி ஒருவனோடு புறப்பட்டுக் கொடிய பாலை நிலத்தைக் கடந்து செல்கின்றாள் என்ற அளவிலே அந்நிகழ்ச்சி நினைவில் நிற்கின்றது. ஆயின் பாடல்களை நுணுகி நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலப்படும். வீட்டைவிட்டு நீங்கும் அந்த விடியற்பொழுது, நாட்கணக்கில் நடந்த ஆலோசனையின் முடிவாகவே அமைகின்றது. யார் போவது, எப்போது போவது, எதனை விட்டுச் செல்வது, பின்னர் யார் எவர்க்கு விடைகூறுவது என்பனவெல்லாம் முன்னரே எண்ணப்பட்டுள்ளன. அவ்வாறு திட்டமிட்டோர் தீர்க்கமுடியாது விட்ட ஒரு பிரச்சினையும் உண்டு. மணமகளைக் கொடுக்கும் உரிமை யாருடையது என்பதே அது.

இதற்கான சான்றுகள் குறைவானவையல்ல. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணைக்கு உரியன. அவையெல்லாம் உடன்போக்கைப் பாடுவன அல்ல. பொருள்தேடிப் பிரியும் தலைவனையே பல பாடுகின்றன. ஐங்குறுநூற்றிலே ஓதலாந்தையார் பாடிய பாலை நூற்றின் இறுதி மூன்று பத்துக்களும் உடன்போக்கிற்கே ஒதுக்கப்பட்டுள்ளன. மகளைப் பிரிந்த தாயின் இரக்கம் ஒரு பத்து. இடைவழியிற் பேசப்படுவன ஒரு பத்து. மீண்டுவருதல் ஒரு பத்து. குறுந்தொகை, நற்றிணை, பாலைக்கலி ஆகியவற்றிலும் இத்துறைச் செய்யுட்கள் விரவியுள்ளன. ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டற்பாலது. இன்னார் இன்னார்க்குக் கூறியது எனச் செய்யுளின் அடியிற் காணப்படும் கூற்றுக் குறிப்புகள், தொகுத்தோராலோ பின்வந்தோராலோ சேர்க்கப்பட்டவை. சில பாடல்களில் உடன்போக்கு என்ற செய்தி செய்யுளில் இல்லை, குறிப்பிலேயே உண்டு. கபிலரின் ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிச் செய்யுளொன்று (203) தலைவன் நாட்டில் மானுண்டு எஞ்சிய கலங்கல் நீர், தன் வீட்டுத் தேன் கலந்த பாலினும் இனிதென ஒருத்தி கூறுவதாக அமைந்துள்ளது. அவள் உடன்போய் மீண்டவள் என்று உரைப்பது குறிப்பேயாகும். அக்குறிப்புகளை விலக்க வேண்டுவதில்லை. ஒரு தலைமுறையினர் பாடலை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அவையும் சான்றே. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

புறப்பாட்டிற்கான காரணங்களைப் புலவர்கள் மறைக்கவில்லை. களவு வெளிப்பட்டு ஊரில் அலர் எழுகின்றது. தாய் ஐயுற்று மகளை வீட்டினுள் செறிக்கின்றாள். அயலார் மணம்பேசி வருகின்றனர். இம்மூன்றும் ஒன்றை ஒன்று தொடர்வன. இவற்றின் பின்னால் பொருட் பிரச்சினையும் இருந்தது. அம்மூவனாரின் நெய்தற் பாடலொன்றிலே (அகநானூறு 280) பெருஞ்செல்வம் கொடுத்தாலும் அவளைப் பெறுதல் அரிதென உணர்ந்த தலைவன், அவளுடைய தந்தையோடு சேர்ந்து உழைத்தாயினும் அவளைப் பெறலாமோ என எண்ணிப் பார்க்கின்றான். பெண்ணுக்குப் பொருள் கொடுக்கும் வழக்கமும், கொடுக்க இயலாதவன் உழைப்பால் அதனை ஈடுசெய்யும் வாய்ப்பும் அக்காலத்தார்க்கு அறியாதன அல்ல என்பது இதனால் தெளிவாகும். மடலேறுதல் ஒரு வழி. மாமனார் வீட்டில் உழைத்தல் ஒரு வழி. உடன்போக்கு மற்றொரு வழி. முன்னைய இரண்டிலும் முடிவு பெண்வீட்டாரின் கையிலேயே தங்கியிருக்கும். மூன்றாவதில் மட்டுமே அது அவர்கள் கையைவிட்டு நீங்குகின்றது.

திட்டத்தின் நடுவே நிற்பவள் தோழி. இவளைத் தலைவியின் நிழலென எண்ணி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியர் தரும் செய்தி. அங்ஙனமாயின் உடன்போக்கிற்கு உடன்படும் தோழி தன் சொந்தத் தாயையே ஏமாற்றுகின்றாள். மறுநாட் காலையில் அத்தாயின் முகத்தில் விழிக்க வேண்டியவளும் அவளே. போகின்றவர்கள் இருவர், விளைவைத் தாங்கி வீட்டில் நிற்பவள் ஒருத்தி. தோழியின் பேச்சுக்குரிய இடங்களைத் தொகுக்கும் தொல்காப்பியம், வரக்கூடிய துன்பங்களை எடுத்துரைத்தல், போக்குதல், பின்னர்த் தாயின் நிலை நோக்கி அவளைத் தேற்றுதல் என்றவாறு அவளுக்கு வகுக்கும் பணிகளும் இதனை உறுதிசெய்கின்றன.

அவளுடைய வாதங்கள் ஆராயத்தக்கவை. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைச் செய்யுள் (262) ஊர் தூற்றுகின்றது, தாய் அறமின்றி வருத்துகின்றாள், அவள் தன் வீட்டில் தானே இருக்கட்டும் எனத் தொடங்கி, தலைவனோடு தொலைநாட்டில் நெல்லிக்காய் தின்று மலைநீர் பருகும் காட்சிக்குத் தலைவியை இட்டுச்செல்கின்றது. நெல்லி தின்றபின் பருகும் நீர் இனிக்கும் என்பது எவரும் அறிந்தது. உணவற்ற வழியைப் பற்றிய அச்சத்தை மறைக்காமலே அதனை இன்பமாக மாற்றிக்காட்டும் உத்தி இது. ஈழத்துப் பூதன்தேவனாரின் குறுந்தொகைச் செய்யுள் (343) இதனினும் கடுமையானது. யானையின் முகத்திற் பாய்ந்து அதன் வெண்கோட்டைக் குருதியாற் கறைப்படுத்திய ஆண்புலி, கோடைக் காற்றில் வீழ்ந்த வேங்கையின் வாடிய பூங்கிளைபோலக் கிடக்கும் மலைநாட்டானோடு போவதைப் பற்றி எண்ணிப்பார் என்கிறாள் தோழி. வழி ஆபத்தற்றது என்று அவள் பொய்யுரைக்கவில்லை. ஈழத்தின் பெயரைத் தன் பெயரோடு கொண்ட இப்புலவரின் பாடல்களாகத் தொகைநூல்களில் ஏழு எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று உடன்போக்கைத் தூண்டும் குரலாக அமைந்திருப்பது ஈழத்து மாணவர் அதிகம் கவனியாத ஒரு செய்தியாகும்.

தலைவனிடமும் தோழி உறுதி வாங்குகின்றாள். நற்றிணையின் 10ஆம் பாடலில், இவளது இளமை நீங்கிக் கூந்தல் நரைக்கும் காலத்தும் கைவிடாதே எனக் கூறித் தலைவியை அவனிடம் ஒப்படைக்கின்றாள். பெற்றோர் சபையறியச் செய்யவேண்டிய கையடையை, இருளிலே ஒரு தோழி சாட்சியின்றிச் செய்கின்றாள். இவ்விடத்தே மணச்சடங்கின் ஓர் உறுப்பு இடம்மாறி நிற்பதைக் காணலாம்.

புறப்பாட்டின் நேரம் வைகறை. கயமனாரின் நற்றிணைச் செய்யுள் (12) அந்நேரத்தை வீட்டுக்குள்ளிருந்தே காட்டுகின்றது. விளாம்பழ மணம் கமழும் தயிர்ப்பானை. கயிறு உராய்ந்து தேய்ந்த மத்து. வெண்ணெய் கடையும் ஓசை. ஆயர்மனை விழித்தெழுவதற்குள் அவள் தன்னை மறைத்துக்கொண்டு காலிற் கிடந்த பரற்சிலம்பைக் கழற்றுகின்றாள். ஓசை எழக்கூடாது என்பது வெளிப்படையான காரணம். கழற்றிய சிலம்பைத் தன் வரிப்பந்தோடு வைக்கச் செல்பவள், இவற்றைக் காணுந்தோறும் தன் தோழியர் வருந்துவரே என எண்ணுகின்றாள். தன்வயமின்றிக் கண்கள் கலங்குகின்றன. திட்டம் அவ்விடத்திலே தடைப்படுகின்றது. அவள் வர உடன்பட்டும் கண்கள் அழுதன என்று தோழி தலைவனிடம் கூறிப் பயணத்தை நிறுத்துகின்றாள். நேரமும் வழியும் துணையும் எல்லாம் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தன. கணிப்பில் வராதது ஒரு பந்து.

சிலம்பு பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மணத்திற்கு முன் மகளின் காற்சிலம்பை நீக்கும் சிலம்புகழி நோன்பு தாய்வீட்டில் நிகழவேண்டிய சடங்கு. குறுந்தொகை 7ஆம் பாடலிலே பாலை வழியில் இருவரைக் காணும் கண்டோர், அவன் காலிற் கழலையும் அவள் காலிற் சிலம்பையும் கவனித்து, இவர் யாரோ என இரங்குகின்றனர். சிலம்பு இன்னும் இருப்பதால் மணம் நடைபெறவில்லை என்பது அவர்களுக்கு உடனே விளங்குகின்றது. கயமனாரின் தலைவியோ அதனைத் தானே கழற்றுகின்றாள். தாய் செய்யவேண்டியதை மகள் தனியாக இருளிற் செய்யும் அக்கணத்தைச் சத்தம் எழாதிருக்கச் செய்த தந்திரம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. புலவர் அதனைப் பந்தின் அருகே வைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

இனி, வழி. தமிழகத்தில் மணல்வெளியாகிய பாலைவனம் இல்லை. தொல்காப்பியம் நடுவண் திணையாகிய பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. வேனிலும் நண்பகலுமே அதன் பொழுதாகச் சொல்லப்படுகின்றன, பின்பனியும் அதற்கு உரியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற விளக்கம் சிலப்பதிகாரத்திற் காணப்படுகின்றது. எனவே பாலை என்பது மழைபொய்த்த மாதங்களில் வறண்டு வழிப்போக்கருக்கு அச்சந்தரும் இடைநிலம். ஓமை, உகா, கள்ளி, யானை பட்டையுரித்த யா மரம், செந்நாய், பருந்து என்பனவே அதன் அடையாளங்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த இந்நிலத்தைக் கற்பனை எனத் தள்ளிவிடுதல் தவறு. உப்பு விற்கும் உமணரின் வண்டிகளும் வணிகச் சாத்துகளும் அதன் வழியே சென்றன. மேற்குக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் ஊடாகக் கொங்குநாட்டிற்கும் கரூருக்கும் வந்த பெருவழியை அகழ்வாய்வுகள் உறுதிசெய்துள்ளன. அவ்வழியிலமைந்த கொடுமணலில் மணிகளும் இரும்பும் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்கள் கிடைத்தன. கொங்கு நாட்டின் பல இடங்களில் உரோம நாணயங்கள் புதையல்களாக எடுக்கப்பட்டுள்ளன. கரூரை அடுத்த புகளூரில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரைக் கூறுகின்றது. அவருள் நடுவண் உள்ள பெருங்கடுங்கோனே பாலை பாடிய பெருங்கடுங்கோ எனக் கொள்வாருளர். அது சரியாயின், வறண்ட வணிகப் பெருவழி ஒன்றன்மீது ஆட்சி செலுத்திய குடியைச் சேர்ந்த அரசனே அவ்வழியின் கொடுமையைப் பாடினான் என்பது பொருத்தமாகவே உள்ளது.

வழியில் மாண்டவர்க்கு எழுப்பிய கற்குவியல்களும் நடுகற்களும் பாலைப் பாடல்களில் அடிக்கடி வருவன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006இற் கண்டறியப்பட்டபோது, அவற்றுள் ஒன்று ஆகோளில் மாண்ட ஒருவனுக்கு நாட்டப்பட்டது எனத் தெரியவந்தது. புலவர் கூறிய காட்சி கண்முன்னே கிடைத்தமை இலக்கியச் சான்றை நோக்கும் முறையையே ஓரளவு மாற்றியது. குறுந்தொகை 390ஆம் பாடலிற் பொழுது சாய்ந்தபின் செல்லும் இணையரைத் தடுக்கும் கண்டோர், வணிகச் சாத்து வந்து தங்கியதையும், வேலேந்தியோர் காவற்காட்டில் திரியும் தண்ணுமை ஒலியையும் சுட்டிக்காட்டுகின்றனர். பயணத்தின் ஆபத்தைக் கணிக்கும் அறிவு வழியிடை ஊராரிடம் இருந்தது. அவ்வூரார் உடன்போவாரைப் பழிக்கவில்லை, தங்கிப்போகச் சொல்கின்றனர். கண்டோர் கூற்றைத் தொல்காப்பியம் தனியாக வகுத்திருப்பதற்கும் இதுவே அடிப்படையாகலாம்.

இவ்வழியில் இருவகைப் பகைமை எதிர்பார்க்கப்பட்டது. மதுரை மருதன் இளநாகனாரின் நற்றிணைச் செய்யுளில் (362) தலைவன் அவளை மணலில் விளையாடி மெல்ல வருமாறு கூறித் தன் திட்டத்தைச் சொல்கின்றான்: போர் வந்தால் அஞ்சாது துரத்துவான், அவளுடைய உறவினர் வந்தால் ஒளிந்துகொள்வான். கள்வரோடு போரிடலாம், அவளுடைய தமையன்மாரோடு போரிட்டால், நாளை உறவாகவேண்டியவர்களின் குருதி இருவருக்குமிடையே நிற்கும். சுரத்தின் நடுவே நின்றும் அவன் எண்ணுவது திரும்பிவரும் நாளையே. வீரத்தைப் புகழும் புறப்பாடல்களின் உலகில் ஒளிந்துகொள்வேன் எனத் துணிந்து சொல்லும் இக்குரல் அருமையானது.

பாலை ஏன் இந்நிகழ்ச்சிக்குரிய நிலமாயிற்று என்ற வினாவிற்கு அழகியல் விடை ஒன்று எளிதிற் கிடைக்கும்: வெயிலின் கொடுமை அன்பின் உறுதியை உயர்த்திக் காட்டுகின்றது என்பது அது. அதனோடு நின்றுவிடுதல் போதாது. திணைப் பாகுபாட்டை வெவ்வேறு உற்பத்தி முறைகளும் அவற்றின் சமனற்ற வளர்ச்சியும் ஒருங்கே நிலவிய சமூகத்தின் வெளிப்பாடாகப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினார். அந்நோக்கில் பாலை, வேளாண்மையும் மேய்ச்சலும் நிலைபெறாத, ஆதலால் எந்தக் குடியின் ஆணையும் முழுமையாகச் செல்லாத வெளி. ஊரின் அலரும் தாயின் காவலும் அங்கே எட்டுவதில்லை. காக்கும் கையும் எட்டுவதில்லை. குடியின் பிடியிலிருந்து நழுவ வேண்டியவர் அத்தகைய வெளியினூடாகவே நழுவவேண்டும். கடல்வழி பெண்ணோடு செல்லும் வழக்கமில்லை எனத் தொல்காப்பியம் விலக்கியதையும் இங்கு நினைவுகூரலாம். பிரிவைப் பாலையின் உரிப்பொருளாகக் கொண்ட அந்நூல், தலைவியைக் கொண்டு செல்லுதலாகிய கொண்டுதலைக்கழிதலையும் உரிப்பொருள்களுள் இடம்பெறச் செய்தது. காதலர் இருவர் இணைந்து செல்லும் பயணம் பிரிவுத்திணைக்குள் அடங்குவது முதலில் முரணாகத் தோன்றும். தாயிடமிருந்து மகள் பிரிகின்றாள் என்பதை நினைத்தால் முரண் நீங்கும்.

சட்டத்தின் நிலை என்ன? கற்பியலின் தொடக்கத்தில், கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கரணத்தோடு கொள்வதே கற்பு என வரையறுக்கப்படுகின்றது. அடுத்த நூற்பாவே, உடன்போன காலத்தில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டென விதிவிலக்கு அளிக்கின்றது. அதன்பின், பொய்யும் வழுவும் தோன்றியபிறகே மூத்தோர் கரணத்தை வகுத்தனர் என்ற புகழ்பெற்ற விளக்கம் வருகின்றது. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, சடங்கற்ற கூட்டுறவு ஏற்கப்பட்ட ஒரு பழைய நிலையும், கொடுப்போரின் உரிமையைச் சடங்கின் மூலம் நிலைநாட்ட முயன்ற புதிய நிலையும் இலக்கணத்தினுள் அருகருகே கிடப்பதை உணரலாம். உடன்போக்கை ஒழிக்க இலக்கணம் முனையவில்லை. கரணத்தின் எல்லைக்குள் அதனைக் கொண்டுவந்தது. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் வேள்வித்தீயோ அதனை வளர்க்கும் பார்ப்பானோ இல்லை. 86இல் மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துகின்றனர். சிலப்பதிகார மணத்திலோ பார்ப்பானும் தீவலமும் வந்துவிடுகின்றன. இவ்விடைக்காலத்திற் கரணம் எத்துணை கனத்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா. பிற்காலக் கோவை நூல்களில் உடன்போக்கு ஒழுங்கான துறைவரிசையாக அடுக்கப்பட்டது. திருக்கோவையாரின் 25 பிரிவுகளுள் ஒன்று அது. அங்கே துறை நிறைவாக உள்ளது. தயிர்கடையும் ஓசையைத்தான் காணோம்.

வீட்டில் எஞ்சியோரிடம் மீண்டுவருதல் வேண்டும். மகளைத் தேடித் தாயர் ஊர்த்தெருவிலும் சுரத்திலும் தாமே செல்வதும் உண்டெனத் தொல்காப்பியம் கூறுகின்றது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைச் செய்யுளில் (44) நடந்து நடந்து கால்கள் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளியிழந்த செவிலி, உலகில் பிறர் எத்தனையோ பேர் இருக்கின்றனரே எனக் கலங்குகின்றாள். பாலைக்கலியின் 9ஆம் பாடலில் அவள் வழிவரும் அந்தணரை வினவ, சந்தனம் மலைக்கும் முத்து கடலுக்கும் இசை யாழுக்கும் பயன்படாததுபோல மகளும் பெற்றோர்க்கு உரியவள் அல்லள் என்று அவர்கள் அறிவுறுத்துகின்றனர். அவ்விடையைப் போற்றாதார் இலர். ஆயினும் அது துறவியர் தந்த விடை என்பதை மறத்தலாகாது. கயமனாரின் தாயோ (குறுந்தொகை 378) தத்துவம் பேசவில்லை. வெயில் காயாதிருக்கட்டும், மரநிழல் உண்டாகட்டும், வழியில் மணல் பரவட்டும், தண்மழை பெய்யட்டும் என வேண்டுகின்றாள். மகளின் திட்டத்தை முறியடிக்க இயலாத நிலையில், அது நன்றாக நிறைவேறவேண்டும் என்பதே அவளுக்கு எஞ்சிய விருப்பம்.

இருவரும் மீண்டுவரும்போது பழைய பிரச்சினை புதிய வடிவில் எழுகின்றது. அகநானூறு 195ஆம் பாடலில், தலைவனின் தாய் தன் வீட்டிற்குச் செம்மண் பூசி, மணல் பரப்பி, மாலை தொங்கவிட்டு மருமகளை எதிர்பார்க்கின்றாள் என்ற செய்தி பெண்ணைப் பெற்றவளின் காதுக்கு எட்டுகின்றது. அவள் வேலனை அழைத்து, என் மகளை முதலில் என் வீட்டிற்குக் கொண்டுவருவானா, தன் வீட்டிற்கே கொண்டுபோவானா எனக் கேட்கின்றாள். ஐங்குறுநூற்றின் 399ஆம் பாடலில் ஐயம் நீங்கிவிடுகின்றது: தலைவன் அவளைத் தன் வீட்டிற்கே கொண்டுசென்றான், சிலம்புகழி நோன்பும் அங்கேதான் நடக்கப்போகின்றது. அங்கிருந்து வந்தவர்களிடம் நற்றாய் ஒரு செய்தி சொல்லியனுப்புகின்றாள். சிலம்பு கழிக்கும் சடங்கை உங்கள் வீட்டில் வைத்தாலும், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தலாகாதா என, பொய்கூறுவதில் வல்ல அந்தக் காளையைப் பெற்ற தாயிடம் சொன்னால் என்ன என்கிறாள். கோபமும் கெஞ்சுதலும் ஒரே மூச்சில் வருகின்றன. கேள்வி அவனை நோக்கியதன்று; அவனுடைய தாயை நோக்கியது. மகன் வீட்டுத் தாய் என்ன மறுமொழி அனுப்பினாள் என்பதை ஓதலாந்தையார் பாடவில்லை. அடுத்த செய்யுள் நூற்றின் கடைசி. மரவத்தைத் தழுவிக் கொடிகள் அசையும் வேனிற்காலத்தில், அவள் தன் காளையோடு இன்று வந்து புகுவாள் எனத் தூது வந்திருக்கின்றது என்பதோடு அது நின்றுவிடுகின்றது.